பானைக்குக் கட்டிய கொசுவலை

விஞ்ஞானக் கட்டுரைகளில் எனக்கு ஆத்திரம் வருகிற இடம் ஒன்று உண்டு. யாரோ ஒருவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பார். ஊரே சிரிக்கும். கூடப் படித்தவர்களே ஏசுவார்கள். சரி, இனிமேல்தான் விஷயம் இருக்கிறது என்று நான் பக்கத்தைத் திருப்புவேன். பிற்காலத்தில் உலகம் அதை ஒப்புக்கொண்டது என்று ஒரு வரி கிடக்கும். அத்தோடு அடுத்த ஆள், அடுத்த கண்டுபிடிப்பு.

எப்படி ஒப்புக்கொண்டது? முதலில் வாயை மூடியது யார்? சிரித்தவர்கள் எல்லாம் ஒரே நாளில் சிரிப்பை நிறுத்தினார்களா, இல்லை ஒவ்வொருவராகச் செத்துப்போனார்களா? சூரியன்தான் சுற்றுகிறது என்று நம்பிய வீட்டில் ஒருநாள் காலையில் எழுந்து, இல்லையில்லை பூமிதான் என்று முடிவு பண்ணிவிட்டுப் பல் விளக்கப் போனார்களா? அதை யாரும் எழுதக் காணோம்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். வருஷா வருஷம் பரீட்சை சமயத்தில் எனக்கு முறைக்காய்ச்சல் வந்துவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் தூக்கித் தூக்கிப் போடும். "படிச்சுக் கிழிச்சது போதும், உசுரோட கெட" என்று எங்கள் அய்யா பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார். பிறகு தேனியில் ஒரு ஜின்னிங் பாக்டரியில் பருத்திப் பொதி நிறுக்கிற இடத்தில் வேலை கிடைத்தது. சந்தைக்குப் பக்கத்தில் ஒரு வாசகசாலை. வேலை விட்டதும் அங்கே போய் உட்காருவேன். மற்றவர்கள் பேப்பரில் காங்கிரஸ் சங்கதி பார்ப்பார்கள். நான் பழைய பத்திரிகைக் கட்டுகளைக் கிளறி விஞ்ஞானக் கட்டுரை தேடுவேன். "என்ன, இன்னைக்கு எந்த உலகத்தைக் கவுக்குறீக?" என்று கேலி பண்ணுவார்கள்.

எனக்கு அது பொழுதுபோக்கு இல்லை, பயம். ஒரு காலத்து மனுஷர் அத்தனை பேரும், படித்தவர் படிக்காதவர் எல்லாரும், ஒன்றைத் தப்பாக நம்பிக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறார்கள் என்றால், இன்றைக்கு நாம் தப்பாக நம்பிக்கொண்டிருப்பது எது? அது நம் வீட்டில் யாரைக் கொண்டுபோகப் போகிறது? இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது. ஆகவே ஒரு எண்ணம் எப்படி விழுகிறது, இன்னொன்று எப்படி அந்த இடத்தில் வந்து உட்காருகிறது என்று தெரிந்துகொள்ளவேண்டும் என்கிற வெறி எனக்கு இருந்தது. புஸ்தகத்தில் கிடைக்காத அது ஒரு தடவை என் மாமனார் வீட்டிலேயே நடந்தது. நான் பக்கத்திலேயே இருந்தேன். அப்படியும் அதைப் பிடிக்க முடியவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

இரண்டாவது உலக யுத்தத்துக்கு முந்தின வருஷங்கள் அவை. என் மனைவிக்குப் பிறந்த ஊர் உத்தமபாளையத்துக்கு இங்கிட்டு, ஆற்றோரத்து நெல் வயலுக்கு நடுவில். கல்யாணமாகித் தேனிக்கு வந்தாள். முழுகாமல் இருந்தபோது காய்ச்சல் கண்டது. இருக்கிற போர்வை எல்லாம் போட்டு அமுக்கியும் கட்டில் ஆடியது. பிள்ளை குறைமாசத்தில் போய்விட்டது.

எங்கள் பக்கத்தில் காய்ச்சல்காரனிடம் எப்போது வந்தது என்று கேட்கமாட்டார்கள். எங்கே தண்ணி குடித்தாய் என்றுதான் கேட்பார்கள். கம்பம் மெட்டு ஏறி ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள் சுரைக்குடுக்கையில் ஊர்த்தண்ணி கொண்டுபோவார்கள். அது இருக்கிற வரைக்கும் ஒன்றும் இல்லை. தீர்ந்து, மலைத்தண்ணியில் வாய் வைத்துச் சில நாளில் குளிர் வந்துவிடும். ஆகவே தண்ணிதான். இதில் ஓட்டை எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். அந்த எண்ணத்தை முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் வராது.

பிள்ளை போனதற்கும் இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து எந்தத் தண்ணி என்று பேசினார்கள். தேனித் தண்ணி சேரவில்லை என்றது அந்த வீடு. பிறந்த ஊர் வயல்தண்ணி உடம்பில் ஊறிக்கிடந்துதான் கெடுத்தது என்றது எங்கள் வீடு. தண்ணிதானா என்று ஒருத்தர் கேட்கவில்லை. என் மனைவி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

அடுத்து அவள் உண்டானபோது மாமனார் நேரே வந்துவிட்டார். "மாப்ள, இந்தத் தடவை அவ பொறந்த தண்ணியிலயே இருக்கட்டும்" என்றார். வளைகாப்பு வரைக்கும்கூட விட்டுவைக்கவில்லை. நான் வேண்டாம் என்று இழுத்தேன். ஏனென்றால் அதற்குள் கொசு விஷயத்தை வாசகசாலையில் படித்துவிட்டேன். காய்ச்சல்காரனைக் கடித்த கொசு இன்னொருத்தனைக் கடித்தால் அந்தக் கிருமி அவன் ரத்தத்தில் ஏறுகிறது, கொசு பிறப்பது தேங்கின தண்ணியில், என்று தெளிவாகப் போட்டிருந்தது. என் மாமனார் வீட்டுக்கு முன்னால் நெல் வயல். பின்னால், வீடு கட்ட மண் எடுத்த பள்ளம், வருஷம் பூராவும் தண்ணியோடு. பயிர் பிடிக்கும் காலத்தில் அந்த வீட்டில் யாராவது ஒருத்தர் போர்த்திப் படுத்திருப்பார். அங்கேதான் அவளைக் கூட்டிப்போகிறார்கள், தண்ணி நல்லது என்று! சொன்னேன். மாமனார் என் தோளில் தட்டி, "வெசனப்படாதீக" என்றார். கூட்டிப்போய்விட்டார்.

அது முதல் ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் பஸ்ஸில் தொங்கினேன்.

ஒரு சனிக்கிழமை பொழுது சாய அந்த ஊர்க் கோயில் மைதானத்தில் சுகாதார இன்ஸ்பெக்டர் படம் காட்டிப் பேசுகிறார் என்று கேள்விப்பட்டு, பாக்டரியில் கெஞ்சிக் கேட்டுச் சீக்கிரமே போய்ச்சேர்ந்தேன். படித்த மனுஷர், சர்க்கார் ஆள், அவர் சொன்னால் எடுபடும் என்று நம்பினேன். முன்வரிசையில் நாற்காலி போட்டு மாமனாரை உட்காரவைத்திருந்தார்கள். இன்ஸ்பெக்டருக்கு வேர்த்து ஊற்றியது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "பெரியோர்களே, இந்தக் காய்ச்சலோட வேரு எங்க இருக்கு தெரியுமா? தண்ணியில இருக்கு" என்று ஆரம்பித்தார்.

அவ்வளவுதான். மாமனார் தொடையில் ஓங்கி ஒரு தட்டு. "கேட்டீகளா? சர்க்காரே சொல்லிருச்சு!"

கூட்டம் பூராவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துத் தலையாட்டியது. அதற்குப் பிறகு அவர் கொசு, முட்டை, கிருமி, சீமெண்ணெய் என்று என்னென்னவோ சொன்னார். எல்லாம் இரைச்சலில் போயிற்று. அவர் எடுத்த எடுப்பில் கொசு என்று சொல்லியிருக்கக்கூடாதா? அந்தத் தண்ணி என்கிற ஒரு வார்த்தையை வாயில் இருந்து எடுக்காமல் இருந்திருக்கக்கூடாதா? மறுநாள் டீக்கடையில், காய்ச்சல் தண்ணியில்தான் இருக்கிறது என்று கவர்மெண்டே கண்டுபிடித்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். நான் குறுக்கே விழுந்து, "கொசுன்னுல சொன்னாரு?" என்றேன்.

"ஆமா, கொசுவும்தான் சொன்னாரு" என்றான் என் மச்சினன். மாமனாரின் ஒரே மகன், வாய்க்காரன். "இப்ப என்னங்கிறீக மாப்ள? தேனியில கொசு இல்லையா? அங்கன எப்படிப் போச்சு முதப் பிள்ளை?"

டீக் காசை வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொய்னாப் பொட்டலம் தபாலாபீசிலேயே விற்றார்கள். வாங்கிப் போனேன். பிள்ளைத்தாய்ச்சிக்கு அந்தக் கசப்பு ஆகாது, கரு கலங்கிவிடும் என்று மாமியார் மறுத்துவிட்டாள். அந்த இன்ஸ்பெக்டரிடமே ஓடிக் கேட்டேன். அவரும் தலையைச் சொறிந்து, "டாக்டரைக் கேட்டுக்கிட்டுக் குடுங்க" என்றார். டாக்டர் எங்கே இருந்தார், எங்களுக்கு? ஆக மிச்சம் இருந்தது கொசுவலை ஒன்றுதான்.

இங்கே ஒரு சங்கதி சொல்லவேண்டும். அந்தக் குடும்பத்தில் மாமியார் மருமகனிடம் நேருக்கு நேர் பேசும் வழக்கம் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு மகளிடம் சொல்வாள், மகள் என்னிடம் சொல்வாள். நானும் மகளிடம் சொல்லி அனுப்பவேண்டும். மாமியார் மூன்று முழம் தள்ளி நிற்பாள், நான் சொல்வது அத்தனையும் காதில் விழும், ஆனாலும் விழாத மாதிரி இருப்பாள். அந்த வீட்டில் பிள்ளைத்தாய்ச்சிக்கு எது ஆகும் எது ஆகாது என்று தீர்ப்புச் சொல்வது அவள்தான். நான் ஒரு உலகத்தைக் கவிழ்க்கவேண்டும், அதுவும் இன்னொருத்தி வாய் வழியாக.

மதுரைக்கு ரயிலேறிப் போய் வலை வாங்கினேன். கடைக்காரர், "எந்த எஸ்டேட் பங்களாவுக்கு?" என்று கேட்டார். என்னைப் பார்த்தால் பட்லர் மாதிரி இருந்ததோ என்னவோ. வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து எங்காவது நூல் விட்டிருக்கிறதா என்று நான் பார்த்த பார்வையில் அவருக்கே எரிச்சல் வந்துவிட்டது. பஸ் கூரையில் போடவிடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். கட்டிலின் நாலு காலிலும் கம்பு கட்டி, வலையைத் தொங்கவிட்டு, ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகவேண்டும், பொழுது சாய்ந்ததும் உள்ளே போய்விடவேண்டும் என்று என் மனைவியிடம் விளக்கிச் சொன்னேன். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. கேட்டுக்கொண்டிருக்கிறாள், நல்லது என்று நினைத்துக் கடைசி பஸ்ஸில் திரும்பினேன். அந்த வாரம் எனக்கு நல்ல தூக்கம்.

அடுத்த ஞாயிறு காலையில் போனால், அடுப்படி மூலையில் தண்ணிப்பானைகள் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அத்தனை பானைக்கும் சேர்த்து என் கொசுவலையைப் போர்த்தி, கீழே கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. கட்டு அவ்வளவு நேர்த்தி. ஒரு எறும்பு நுழைய முடியாது.

"என்னடி இது?" என்றேன்.

"ஆத்தா கட்டுச்சு."

"உனக்குத்தானே வாங்கியாந்தேன்!"

கதவுக்குப் பின்னால் இருந்து குரல் வந்தது. "தண்ணியிலதான் காய்ச்சல்னு அந்த ஆபீசரே சொல்லியிருக்காரு. கொசு தண்ணியில விழுந்து சாகுது. செத்த கொசுவோட தண்ணியைக் குடிச்சா காய்ச்சல் வராம என்ன செய்யும்? மாப்பிள்ளை நல்ல வலையாத்தான் வாங்கியாந்திருக்காகன்னு சொல்லுடி."

மச்சினன் சாப்பிட்டுக்கொண்டே, "அயிரை மீன் பிடிக்கத் தோதான வலை. நான்தான் கேட்டேன், ஆத்தா தரமாட்டேன்னுருச்சு" என்றான்.

எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. கொசு என்கிற புது விஷயம் அந்த வீட்டுக்குள் வந்துவிட்டது. இல்லை என்று யாரும் தள்ளவில்லை. ஆனால் வந்த விருந்தாளியைப் பழைய பாயிலேயே படுக்கவைத்துவிட்டார்கள். தண்ணி என்கிற எண்ணம் கொசுவை அப்படியே விழுங்கி ஏப்பம் விட்டுவிட்டது.

இதைவிடப் பெரிய அடி வாசகசாலையில் காத்திருந்தது. அந்த வாரமே, கொசுவுக்கும் காய்ச்சலுக்கும் உள்ள தொடர்பை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று ஒரு பழைய பத்திரிகையில் கொஞ்சம் விரிவாகப் படித்தேன். சீமையில் ஒரு பெரிய டாக்டர் இருந்தாராம். கொசுதான் என்று முதலில் சந்தேகப்பட்டவர்களில் ஒருவர். அவர் என்ன நினைத்தார் தெரியுமா? கொசு தண்ணியில் விழுந்து சாகிறது, அந்தத் தண்ணியைக் குடிக்கிறவனுக்குக் காய்ச்சல் வருகிறது என்று. அவருடைய சிஷ்யர் கொசு விழுந்த தண்ணியை ஆட்களுக்குக் குடிக்கக் கொடுத்துக்கூடப் பார்த்திருக்கிறார்!

பத்திரிகையை மூடிவைத்தேன். அந்தப் பெரிய டாக்டரும் என் மாமியாரும் ஒரே பானைக்கு முன்னால் நிற்கிறார்கள். அப்படியானால் இது முட்டாள்தனம் இல்லை, வழியில் இருக்கிற ஒரு படி. ஆனால் அந்தப் படியிலிருந்து அடுத்த படிக்கு அவர்களுக்கு வருஷக்கணக்கில் ஆகியிருக்கிறது. எனக்கு அவ்வளவு நாள் ஏது? என் மனைவி வயிறு அதற்காகக் காத்திருக்குமா?

மாமனாரிடம் பேசினால் இன்னும் மோசம். "மாப்ள, எருமை மேய்க்கிறவன் பொழுதுக்கும் கொசுக்கடியிலதான் கெடக்கான். கல்லு மாதிரி இருக்கான். அவனுக்கு ஏன் வரல?" என்றார். தேனிக்கு வந்து பதிலைத் தேடினேன். எல்லாக் கொசுவும் இல்லை, ஒரு வகைதான், அதிலும் பெண் கொசுதான் என்று போட்டிருந்தது. அப்பாடா என்று அடுத்த வாரம் போய்ச் சொன்னேன்.

"ஒரு ஜாதிக் கொசுதான் மாமா. அதிலயும் பொட்டைதான் கடிக்குமாம்."

மச்சினன் சோற்றுக்கையோடு எழுந்தே விட்டான். "ஆத்தா, கொசுவுலயும் ஜாதி வந்துருச்சாம்!"

மாமனார் சிரிக்கவில்லை. அவர் நிதானமாகச் சொன்னதுதான் இன்னும் உறைக்கிறது. "போன வாரம் கொசுன்னீக. இந்த வாரம் ஒரு ஜாதிக் கொசுங்கிறீக. அடுத்த வாரம் நொண்டிக் கொசும்பீக. எங்கப்பன் காலத்துல இருந்து நாங்க சொல்றது ஒண்ணே ஒண்ணு, தண்ணி. மாறுறது நீங்களா நாங்களா?"

இதற்கு யார் பதில் சொல்வது? பழைய எண்ணத்திடம் எதைக் கேட்டாலும் பதில் இருக்கிறது. காய்ச்சல் வந்தால் தண்ணி கெட்டது, வராவிட்டால் தண்ணி சேர்ந்துவிட்டது. புது எண்ணம் பாவம், தெரிந்ததற்கு மட்டும்தான் பதில் சொல்கிறது, அதையும் வாராவாரம் திருத்திக்கொள்கிறது. திருத்தத் திருத்த அது சரியாகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. திருத்தத் திருத்த அது பொய் என்று அவருக்குத் தோன்றுகிறது. பள்ளத்தை மூடச் சொன்னேன், செங்கல் அறுக்க மண் வேண்டும் என்றார். கொசு முட்டை சாக அதில் சீமெண்ணெய் ஊற்றச் சொன்னேன், மாடு தண்ணி குடிக்க வேறு எங்கே போகும் என்றார்.

மழை பிடித்துக்கொண்டது. வயல்களில் தண்ணி நின்றது. தேனியில் பொதி நிறுக்கும்போது தராசு முள்ளைப் பார்ப்பேன், கண்ணுக்குள் அந்தப் பள்ளம்தான் தெரியும். இரண்டு தடவை எடையைத் தப்பாகச் சொல்லி மேஸ்திரியிடம் ஏச்சு வாங்கினேன்.

அப்புறம் ஒரு ஞாயிறு போனபோது வலை கட்டிலுக்கு மேல் தொங்கியது. நாலு கம்பு, செருகிய ஓரம், நான் சொன்னபடியே. உள்ளே என் மனைவி உட்கார்ந்து பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள். பானைகள் வெறும் துணி மூடியோடு இருந்தன. நடந்துவிட்டது! இங்கே, இந்த வீட்டில், ஒரு எண்ணம் கவிழ்ந்துவிட்டது!

"அத்தை ஒத்துக்கிட்டாகளா? என்ன சொன்ன? எந்த இடத்துல அவுகளுக்கு விளங்குச்சு?" என்று வலைக்கு வெளியே நின்று பரபரத்தேன். அந்த இடம்தான் எனக்கு வேண்டும். புஸ்தகங்கள் தாண்டிப்போகிற அந்த இடம்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "கண்ணு பட்டுரும்னு சொன்னேன்."

"என்னது?"

"போற வாறவுக எல்லாம் வயித்தையே பாக்குறாக ஆத்தா, போன தடவை அப்படித்தான் போச்சோ என்னமோ, அந்த வலையைக் கட்டுனா மறைப்பா இருக்கும்னு சொன்னேன். மறுபேச்சுப் பேசாம அவுத்தாந்து கட்டிருச்சு."

எனக்கு வந்த கோபத்தில் திண்டாடிப்போனேன். "நான் இத்தனை நாளா தொண்டை வறளச் சொல்லி அனுப்புனது எல்லாம்?"

"ஆத்தாகிட்டயா? 'அவுக வலை கட்டச் சொல்றாக'ன்னு மட்டுந்தான் சொன்னேன். கிருமி, ரத்தம்னு நீங்க சொன்னதை எல்லாம் சொன்னா அது என்னையவே மந்திரிக்கக் கூட்டிட்டுப் போயிரும்."

"அதுக்காகப் பொய் சொல்றதா? அவுக எண்ணம் அப்படியேதானே கெடக்கு?"

பயற்றுத் தட்டை ஓரமாக வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு எங்க ஆத்தா எண்ணம் மாறணுமா, இந்தப் பிள்ளை தங்கணுமா? எதுன்னு சொல்லுங்க, அதைப் பண்ணுவோம்."

சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பார்க்கிறேன், மாமியார் வந்து வலையை அவிழ்த்து அழகாக மடித்துப் பெட்டியில் வைக்கிறாள். "ஏன்னு கேளு, ஏன்னு கேளு" என்று மனைவியிடம் பதறினேன். கேட்டாள்.

"பொழுது சாஞ்சாச்சு. இனிமே யாரு வரப்போறாக கண்ணு வைக்க? ஈரத்துல நல்ல வலை மக்கிப்போகுமேன்னுதான். சொல்லுடி அவுகளுக்கு."

பகலெல்லாம் வலைக்குள், கொசு வருகிற பொழுதுக்கு வெளியே! வாசலில் பஸ் ஹாரன் அடித்துவிட்டது. நான் ஏறிவிட்டேன். தேனி வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன். காரணம் தப்பாக இருந்தால் காரியமும் தப்பும் என்று நான் நினைத்தது சரியாகப் போயிற்று, ஆனால் அந்தச் சரியை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

அதையும் என் மனைவிதான் சரிக்கட்டினாள். பொழுது சாய்ந்தால் காத்துக்கருப்பு நடமாடும், பிள்ளைத்தாய்ச்சி வாசனைக்கு வரும் என்று அவள் சொல்லவே இல்லையாம். "ராத்திரியில என்னமோ மாதிரி இருக்கு ஆத்தா" என்று மட்டும் சொன்னாளாம். மிச்சத்தை மாமியாரே இட்டு நிரப்பிக்கொண்டாள். அன்றிலிருந்து வலை இறங்கவில்லை. நாலு முனையிலும் வேப்பிலை வேறு செருகியிருந்தது.

கதிர் பிடிக்கும் சமயம் வீட்டில் காய்ச்சல் வந்தது. முதலில் மச்சினன், பிறகு மாமனார், அப்புறம் மாமியார். ஒருநாள் விட்டு ஒருநாள் பற்கள் கிடுகிடுத்தன. ஒரே கிணற்றுத் தண்ணி, ஒரே பானை. வலைக்குள் இருந்தவள் மட்டும் எழுந்து நடமாடிக் கஞ்சி காய்ச்சினாள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? நான் மாமனார் கட்டில் பக்கத்தில் போய் நின்றேன். அவர் குளிரில் நடுங்கிக்கொண்டே கண்ணைத் திறந்தார்.

"மாமா, எல்லாரும் ஒரே தண்ணிதானே குடிச்சீக. அவளுக்கு மட்டும் ஏன் வரல?"

"அதான் கண்ணு படாம கட்டி வச்சிருக்கோம்ல" என்றார்.

அடுத்த கட்டிலில் போர்வைக்குள்ளிருந்து மச்சினன் குரல் வந்தது. "மாப்ள, மதுரைக்குப் போனா எனக்கும் ஒரு வலை வாங்கியாருங்க. கதிரு நல்லா இருக்குன்னு ஊருக்காரன் பூராவும் என்னையவே பாக்குறான்."

பிள்ளை நிறைமாசத்தில் பிறந்தது. பெண். அழுகைச் சத்தம் கேட்டபோது நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். வலைதான் காப்பாற்றியது என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. வலைக்கு வெளியே அவள் புழங்கிய நேரமும் உண்டு, அப்போது கொசு கடிக்காமல் விட்டது வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். எனக்கு எதையும் முழுசாக நம்பத் தெரியாது. இதையும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

மச்சினனுக்கு வலை வாங்கிக் கொடுத்தேன். அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டார் கேட்டார்கள். கண் படாமல் இருக்க நல்லது என்று நாலைந்து வீடுகளில் வலை ஏறியது. மதுரைக் கடைக்காரர் என்னை ஏஜெண்டு என்றே முடிவு பண்ணிவிட்டார். பள்ளத்தையும் மாமனார் மூடினார், புதுசாக வாங்கிய ஜோடி மாட்டுக்குத் தொழுவம் போட இடம் வேண்டும் என்று.

யுத்தம் வந்து, பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸுக்குக் கரி அடுப்பு வைத்து ஓட்டிய காலத்தில், ஒரு பொங்கலுக்கு மாமனார் வீட்டுக்குப் போயிருந்தோம். என் மகள் ஓடியாடிப் பேசுகிற வயசு. அடுப்படியில் மாமியாரும் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தியும் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணின் மருமகளுக்குக் காய்ச்சலாம். மாமியார் அதட்டுவது காதில் விழுந்தது.

"வலை கட்டாம படுக்க வச்சியாக்கும்? கொசு கடிச்சா காய்ச்சல் வரும்னு தெரியாது? அது ரத்தத்துல போயி ஏறிக்கிரும்டி. பச்சப் பிள்ளைக்கும் தெரியுமே!"

நான் உட்கார்ந்த இடத்தில் இருந்து எழுந்தே விட்டேன். ரத்தத்தில் ஏறும் என்று சொல்கிறாள்! யார் சொன்னது? எப்போது? என் மனைவியைப் பார்த்தேன், அவள் நானில்லை என்று உதட்டைப் பிதுக்கினாள். மகளை அழைத்து, "அம்மாச்சிகிட்டப் போயி, இது எப்ப இருந்து அவுகளுக்குத் தெரியும்னு கேட்டுட்டு வா" என்று அனுப்பினேன்.

மகள் கேட்கவேண்டிய தேவையே இல்லை. கதவுக்குப் பின்னால் பதில் தயாராக இருந்தது. "எப்ப இருந்துன்னா? எப்பவும்தான். எங்க வீட்டுல வலை கட்டாம யாரு படுத்தாக? உங்கப்பா சும்மா தண்ணி தண்ணின்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு, நான்தான் கேக்கல."

உங்கப்பா என்றது என்னைத்தான். தண்ணி தண்ணி என்று சொன்னது நானாம்! மாமனார் வெற்றிலையை மென்றுகொண்டு, ஆமாம் என்கிற மாதிரி தலையாட்டினார். அவர்கள் பொய் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பழைய எண்ணம் போகும்போது, தான் இருந்த தடத்தையும் கூட்டித் துடைத்துவிட்டுப் போயிருக்கிறது. கண்ணேறில் இருந்து கொசுவுக்கு எந்த மாசம், எந்தப் பேச்சில் தாண்டினார்கள் என்று கேட்டால், தாண்டவே இல்லை என்கிறார்கள். உலகம் ஒப்புக்கொண்டது என்று ஒற்றை வரியில் எழுதினவர்களும் என்னைப் போல யாரிடமாவது கேட்டுப் பார்த்திருப்பார்கள். இந்தப் பதில்தான் கிடைத்திருக்கும்.

ஆத்திரத்தில் தொண்டை காய்ந்துபோயிற்று. தண்ணி கேட்டேன். மகள் மூலைப் பானைக்குப் போனாள். பானை வாயில் கிழிந்த கொசுவலைத் துண்டு ஒன்று இன்னமும் கட்டியிருந்தது.

விடுவேனா? "கொசு கடிச்சாத்தானே காய்ச்சல்? அப்புறம் பானைக்கு எதுக்கு வலைன்னு கேளு" என்றேன்.

"தண்ணியையும் பாத்துக்கணும்லன்னு சொல்லு" என்றது குரல்.

மகள் செம்பை நீட்டினாள். வாங்கி வாயருகில் கொண்டுபோனவன், கொஞ்சம் நிறுத்தி, செம்பை வெளிச்சத்தின் பக்கம் சாய்த்து உள்ளே ஏதாவது மிதக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குடித்தேன்.